நெற்று பழுக்கும் முன் வெட்டுங்கள்: கொழும்பு வளவில் தானாகப் பரவும் பூச்செடிகள்

பட்டிப்பூவை நட்டது வாசற்படிக்குப் பக்கத்தில்தான். ஒரு வருடம் போனபின் பார்த்தால் அது மதில் வெடிப்பில் நிற்கும், தண்ணீர் மீட்டர்ப் பெட்டிக்குள் நிற்கும், பக்கத்து வீட்டுக் கானோரத்திலும் நிற்கும். நட்ட இடத்தில் இருக்கும் தாய்ச்செடியோ அடியில் இலையே இல்லாமல் நெட்டையாக வளர்ந்து, நுனியில் நாலு பூவோடு கிழண்டுபோய் நிற்கும். வெள்ளவத்தையோ தெஹிவளையோ கொட்டாஞ்சேனையோ, கொஞ்சம் மண் உள்ள எந்த வீட்டிலும் இதைப் பார்க்கலாம்.

இதை எப்போது வெட்டிவிடுவது என்று கேட்டால் இரண்டு விதமான பதில் வரும். யாழ்ப்பாணத்தில் வளவு வைத்துப் பழகியவர்கள், "மாரி தொடங்க முன்னம் வெட்டிவிடுங்கோ" என்பார்கள். வெளிநாட்டு யூடியூப் பார்ப்பவர்கள், குளிர் போய் வசந்தம் வரும்போது வெட்டச் சொல்வார்கள். இரண்டும் அந்தந்த ஊருக்குச் சரி. யாழ்ப்பாணத்து மழையில் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் டிசெம்பருக்கும் இடையில் பெய்து முடிந்துவிடும். ஆகவே அங்கே வருடத்துக்கு ஒரு வெட்டு. இங்கிலாந்தில் குளிர் வந்ததும் செடியின் மேற்பகுதி கருகி, வேர் மட்டும் மண்ணுக்குள் உறங்கும்; அங்கே உறைபனிக்கு முன் வெட்டுவதா பின் வெட்டுவதா என்பதுதான் கேள்வி. கொழும்பில் உறைபனியும் இல்லை, ஒரே மாரியும் இல்லை. செடி உறங்குவதே இல்லை. வருடம் முழுக்கப் பூக்கும், வருடம் முழுக்க விதை கொட்டும்.

எனவே இங்கே பார்க்க வேண்டியவை இரண்டு. செடியிலுள்ள நெற்று என்ன நிறத்தில் இருக்கிறது? அடுத்த பெருமழைக்கு இன்னும் எவ்வளவு நாள் இருக்கிறது? முதலாவதை வைத்து, எத்தனை முளைகள் வரப்போகின்றன என்பதைச் சொல்லிவிடலாம். இரண்டாவதை வைத்து, வெட்டிய தாய்ச்செடி மறுபடி தழைக்குமா என்பதைச் சொல்லிவிடலாம். மற்றதெல்லாம் இந்த இரண்டின் விவரம்தான்.

எந்தச் செடிகளைப் பற்றிப் பேசுகிறோம்

காசித்தும்பை, வாடாமல்லி, செண்டுப்பூ போன்றவை ஒரு பருவச் செடிகள். பூத்து, காய்த்து, விதை போட்டதும் செடி செத்துவிடும். விதை கிடந்தால் அடுத்த மழைக்கு முளைக்கும். அவற்றை வெட்டிவிடுவதா வேண்டாமா என்ற கேள்வியே எழாது. காய்ந்ததும் பிடுங்கிவிட வேண்டியதுதான்.

பல்லாண்டுச் செடி அப்படியல்ல. விதை போட்ட பிறகும் அது உயிரோடு நிற்கும், அடுத்த வருடமும் பூக்கும். அவற்றுள் சில நாம் கை வைக்காமலே விதையைக் கொட்டி, சுற்றிலும் தம் இனத்தைப் பெருக்கிக்கொள்ளும். பட்டிப்பூ, துளசி, கனகாம்பரம், அந்திமந்தாரை, சங்குப்பூ, வெடிக்காய்ச் செடி, காலையில் விரிந்து மத்தியானத்துக்குள் மூடிக்கொள்ளும் மஞ்சள் டர்னேரா, இவையெல்லாம் அந்த வகை. இவற்றைப் பொறுத்தவரை வெட்டு என்பது ஒரே நேரத்தில் இரண்டு வேலை. தாய்ச்செடியைப் புதுப்பிக்க வேண்டும், விதை விழுவதையும் நம் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டும். இந்த இரண்டு வேலைக்கும் ஏற்ற நாள் ஒன்றாக இருப்பதில்லை. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

கொழும்பின் மழைக் கணக்கு

கொழும்பில் வருடத்துக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர் மழை. அது வருடம் முழுவதும் ஒரே சீராகப் பெய்வதில்லை. மே மாதத்தில் 300 மில்லிமீட்டரைத் தாண்டும். ஒக்டோபர், நவம்பரிலும் அப்படியே. ஜனவரி, பெப்ரவரியில் மாதத்துக்கு 100 கூட வராது. ஜூலை, ஓகஸ்ட் நடுத்தரம். அதாவது ஒரு வருடத்தில் இரண்டு பெரிய மழைகள், அவற்றுக்கு முன்னால் ஒவ்வொரு தணிந்த காலம். பகல் நீளம் வருடம் முழுக்க ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவாகவே மாறுகிறது. வெப்பநிலை சராசரி 27 பாகையை விட்டு அதிகம் நகர்வதில்லை. ஆகவே இங்கே செடிக்குப் பருவம் என்று ஒன்று இருந்தால் அது மழைதான்.

இனி இதன் மேல் விதையை வைத்துப் பாருங்கள். ஒக்டோபர், நவம்பர் மழையில் செடி கொழுத்து வளரும், டிசெம்பரில் பூத்துக் குலுங்கும். ஜனவரியில் வெயில் ஏறி ஈரம் குறைய, காய்கள் முற்றி நெற்றாகும். பெப்ரவரியில் நெற்று வெடித்து விதை மண்ணில் விழும். மார்ச் கடைசி, ஏப்ரலில் பின்னேரங்களில் இடி மின்னலோடு கொட்டும் மழைக்கு எல்லாம் ஒன்றாக முளைக்கும். சித்திரை வருடப்பிறப்புக்கு வளவைத் துப்புரவாக்கும்போது தெரியும் அந்தப் பச்சைக் கம்பளம் இப்படி வந்ததுதான்.

வருடப்பிறப்புக்கு வெட்டுவது பலருக்குப் பழக்கம். முளைகளைக் குறைக்க வேண்டுமென்றால் அது பிந்திய வெட்டு. விதை எப்போதோ விழுந்துவிட்டது. தைப்பொங்கலுக்கு முற்றத்தைக் கூட்டுகிற அன்றே கையோடு நெற்றுகளையும் கிள்ளிவிட்டால் சித்திரையில் வேலை குறையும். ஜனவரியில் செய்யும் வேலை அந்த அளவுக்குத்தான், நெற்றைக் கிள்ளுவது மட்டும். தண்ணீர் குறைந்த ஜனவரியில் செடியைப் பாதியாக வெட்டினால், புதுத் துளிர் விடத் தேவையான ஈரம் மண்ணில் இருக்காது. குழாயில் தினமும் தண்ணீர் விடுகிறவர்களுக்குப் பரவாயில்லை. மற்றவர்கள் பொறுக்க வேண்டும்.

பெரிய வெட்டுக்கு இரண்டு காலங்கள் உண்டு. ஒன்று, பெப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை. அதற்கு மேல் தள்ளிப் போட வேண்டாம். ஏப்ரல் முதல் வாரத்தில் சூரியன் கொழும்புக்கு நேர் மேலே வருகிறது. இலை நிழல் இல்லாமல் நிற்கும் மொட்டைத் தண்டு அந்த வெயிலில் வெந்துபோகும். மார்ச் நடுப்பகுதிக்குள் வெட்டியிருந்தால் அதற்குள் துளிர் வந்து தண்டை மூடியிருக்கும். மற்றது, ஓகஸ்ட் நடுப்பகுதியிலிருந்து செப்டெம்பர் தொடக்கம் வரை. சோளகத்தின் உக்கிரம் தணிந்து, ஒக்டோபர் மழை இன்னும் வராத இடைவெளி அது.

பெருமழை அடித்துக்கொண்டிருக்கும் மே மாதத்திலும் நவம்பரிலும் கத்தரியை உள்ளே வைத்துவிடுங்கள். வெட்டிய காயம் காயாமல் ஈரமாகவே இருந்தால் பூஞ்சணம் உள்ளே இறங்கும். பட்டிப்பூவுக்கு இது உயிர்ப் பிரச்சினை. ஒரு நாள் நன்றாக நின்ற செடி மறுநாள் தொங்கிப்போய், தண்டின் அடி கறுத்து அழுகும்.

வெட்டினால் செடிக்குள் என்ன நடக்கிறது

கிளையின் நுனிமொட்டு ஒக்சின் என்ற ஹோர்மோனைச் சுரந்து கீழே அனுப்புகிறது. அது இருக்கும்வரை கீழேயுள்ள பக்கமொட்டுகள் எழும்பாது. நுனியை வெட்டினால் அந்தத் தடை போகும். கணுவுக்கு இரண்டாகக் கிளை பிரியும். ஒரு கிளை இரண்டாகி, இரண்டு நாலானால் பூவும் அவ்வளவு கூடும். செடி அடர்ந்து வருவதன் காரணம் இதுதான்.

இன்னொன்று, விதை. காய் பிடித்ததும் இலை தயாரிக்கும் சர்க்கரையில் பெரும்பகுதி காய்க்குப் போகும். புதுப் பூவுக்கும் புதுத் துளிருக்கும் மிச்சம்தான். வாடிய பூவை உடனுக்குடன் கிள்ளினால் செடி காய்க்குச் செலவழிக்காது, தொடர்ந்து பூக்கும். பூச்சாடியில் வளர்ப்பவர்களுக்கு இது ஒன்றே போதுமான காரணம்.

ஆனால் இலை இல்லாமல் இந்த இயந்திரம் ஓடாது. பெரிய வெட்டு என்றாலும் மூன்றில் ஒரு பங்கு இலையாவது செடியில் நிற்க வேண்டும். துளசி, பட்டிப்பூ போன்றவற்றின் அடித்தண்டு விறகு மாதிரி முற்றிய பிறகு அதில் உயிருள்ள மொட்டு அதிகம் இராது. இலையுள்ள பகுதிக்குக் கீழே இறங்கி வெட்டினால் பெரும்பாலும் செடி முடிந்தது. ஒரே வெட்டில் அழகாக்க ஆசைப்படாமல், இந்த மழைக்குப் பாதிக் கிளைகள், அடுத்த மழைக்கு மீதி என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

கிழங்கு உள்ளவை வேறு கதை. அந்திமந்தாரைக்கு நிலத்துக்குள் தடித்த கிழங்கு உண்டு, வெடிக்காய்ச் செடிக்கும் உண்டு. தரையோடு வெட்டினாலும் கிழங்கில் சேமித்ததை எடுத்துக்கொண்டு திரும்பக் கிளம்பிவிடும். அவற்றுக்கு இரக்கம் காட்டத் தேவையில்லை.

பட்டிப்பூ

நித்தியகல்யாணி என்று தமிழ்நாட்டில் சொல்வதும் இதையேதான். பூர்வீகம் மடகஸ்கார். இலைக்கக்கத்தில் இரண்டு மெல்லிய காய்கள் சோடியாக நிமிர்ந்து நிற்கும், பொதுவாக இரண்டு மூன்று சென்றிமீட்டர் நீளம். பச்சையாக இருக்கும்போது ஒன்றைப் பிரித்துப் பாருங்கள்: உள்ளே வெளிறிய, மெத்தென்ற விதைகள். அவை முளைக்காது. அதே காய் மஞ்சள் பாய்ந்து, மேல்தோல் மெலிந்து, ஒரு பக்கத்தில் கோடுபோல் வெடிப்புக் காணும்போது உள்ளே கறுத்த மணிகள், கசகசாவை விடச் சற்றுப் பெரிதாக. அந்த நிலையில் செடியைக் கொஞ்சம் அசைத்தாலே போதும், கொட்டிவிடும்.

ஆகவே பட்டிப்பூவில் மஞ்சள்தான் எல்லைக்கோடு. காய் பச்சையாக இருக்கும்போது வெட்டினால் கொப்பை அப்படியே குப்பையில் போடலாம். மஞ்சளாகிவிட்டால் கொப்பை அசைக்காமல், கீழே ஒரு பையைப் பிடித்துக்கொண்டு காயைக் கிள்ளி உள்ளே போட்டபிறகு வெட்டுங்கள்.

இந்த விதை இருட்டில்தான் நன்றாக முளைக்கும். எறும்பும் மழைத்தண்ணீரும் கொண்டுபோய்ச் சேர்க்கும் மதில் வெடிப்பும் கல்லிடுக்கும் அதற்கு வாய்ப்பான இடங்கள். கபுக் கல் மதிலும் வெடித்துப்போன சீமெந்துத் தரையும் உள்ள வீடுகளில் இது ஏன் இவ்வளவு பெருகுகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. வேண்டுமென்றே விதைப்பவர்கள் விதையின் மேல் மெல்லிய மண் மூடிவிட வேண்டும்.

நாற்றுமேடையில் கலப்பின வகை வாங்கியிருந்தால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். பெரிய இதழோடு கடும் சிவப்பிலோ நடுவில் வேறு நிறத்தோடோ இருக்கும் அந்தச் செடியின் விதையில் வருவது தாயைப் போல இருக்கும் என்று நம்ப முடியாது. அதே நிறம் வேண்டுமென்றால் விதையை மறந்துவிட்டு நுனித்தண்டை வெட்டி வேர் பிடிக்க வையுங்கள்.

இந்தச் செடியை வெட்டினால் பால் வடியும். செடி முழுவதும் நஞ்சு. புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிறிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற மருந்துகள் இதிலிருந்துதான் பிரித்தெடுக்கப்படுகின்றன. மருந்து என்று கேள்விப்பட்டு இலையைக் கஷாயம் வைத்துக் குடிக்க யாரும் துணிய வேண்டாம். வெட்டி முடிந்ததும் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிடுங்கள்.

கனகாம்பரம்

தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தமான செடி இது. பூக்கள் கதிரில் கீழிருந்து மேலாக விரியும். மேலே பூத்துக்கொண்டிருக்கும்போதே கீழ்ப்பகுதி பழுப்பாகக் காய்ந்துவிடும். பலர் கதிரின் நுனியில் பூ இருக்கிறதே என்று விட்டுவிடுகிறார்கள். கீழே காய்ந்த செதில்களுக்குள் காய்கள் முற்றிக் காத்திருக்கின்றன.

எதற்குக் காத்திருக்கின்றன? மழைக்கு. காய்ந்த கதிரொன்றை எடுத்து ஒரு கிண்ணம் தண்ணீரில் போட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள். முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு டக், டக் என்று காய்கள் வெடிக்கும். தட்டையான விதைகள் கிண்ணத்தைத் தாண்டிப் போய் விழும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அன்றைக்கு முழுக்க வேறு விளையாட்டு வேண்டாம். வெடிக்காய்ச் செடியின் காயும் இதே விதம்தான், சத்தம் இன்னும் கூட.

இதில் தோட்டக்காரருக்கு உள்ள செய்தி: கனகாம்பரத்தின் காய்ந்த கதிர்களை மழைக்கு முதல் நாளாவது வெட்டிவிட வேண்டும். வானம் இருட்டிக்கொண்டு வரும் பின்னேரம் வேறு எந்த வேலையையும் தள்ளிப் போடலாம், இதைத் தள்ளிப் போட முடியாது. காய்ந்த நாளில் வெட்டினால் கதிர் அமைதியாகக் கையில் வரும். நனைந்த பிறகு போனால் கதிர்தான் மிஞ்சியிருக்கும், விதை இராது.

டெல்லி கனகாம்பரம் என்று விற்கும் கடும் செம்மஞ்சள் வகை விதை பிடிப்பதில்லை. அது தண்டு வைத்துப் பெருக்குவது. அதை வைத்திருப்பவர்கள் இந்த மழைப் பயமில்லாமல், பூ முடிந்த கதிரை வசதிப்பட்டபோது வெட்டலாம். பெரிய வெட்டுக்கு எல்லா வகைக்கும் மார்ச் மாத வாய்ப்பே நல்லது.

துளசி

துளசிக்கு வருவோம். இங்கே பிரச்சினை தோட்டக்கலை மட்டுமில்லை. முற்றத்துத் துளசியில் கத்தரி வைக்கப் பல வீடுகளில் மனம் வராது. ஞாயிறு, ஏகாதசி, துவாதசி நாட்களில் இலை கூடப் பறிக்காதவர்கள் உண்டு. பொழுதுபட்ட பிறகு தொடவே மாட்டார்கள். அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை; வாரத்தில் மற்ற நாட்களின் காலை வேளை தாராளமாகப் போதும். ஆனால் பக்தியால் வெட்டாமலே விட்ட துளசி விரைவில் கிழடாகும் என்பதும் உண்மை. கதிர் கதிராகப் பூத்து, எல்லாம் பழுப்பாகி, இலை சிறுத்து, அடி விறகாகிவிடும். பூசைக்கு நல்ல இலை வேண்டுமென்றால் கதிரைக் கிள்ள வேண்டும்.

கிள்ளுவதற்கு நேரம், கதிர் ஊதா நிறமாக நீளத் தொடங்கும்போது. கதிருக்குக் கீழே இரண்டு சோடி இலை விட்டு அதற்கு மேலே கிள்ளுங்கள். கிள்ளியதைச் சுவாமிக்கு வைத்துவிடலாம், வீணாகாது. ஒன்றிரண்டு கதிரை மட்டும் காயவிடுங்கள். துளசி நீண்டகாலம் நிற்கும் செடியல்ல. சில வருடங்களில் மூப்படையும். அதற்குள் அடுத்த செடி தயாராக இருக்க வேண்டும். காய்ந்த கதிரை உள்ளங்கையில் கசக்கினால் சிறிய பழுப்பு விதைகள் வரும். அவற்றை மண்ணின் மேலே தூவிவிட்டால் போதும், மூடக் கூடாது. பட்டிப்பூவுக்கு நேரெதிராக, இதற்கு முளைக்க வெளிச்சம் வேண்டும்.

மற்றவை, சுருக்கமாக

அந்திமந்தாரையில் பூ ஒன்றுக்கு ஒரு விதை. முதலில் பச்சை, முற்றினால் மிளகுபோல் கறுப்பு. கறுத்ததும் தொட்டாலே விழும். பச்சையாக இருக்கும்போது வெட்டினால் கதை முடிந்தது. பிள்ளைகள் வாயில் போட்டுக்கொள்ளக் கூடும் என்பதால் அந்தக் கறுப்பு மணிகளைக் கூட்டி எடுத்துவிடுங்கள், அவை நஞ்சு.

சங்குப்பூவில் தட்டையான அவரை மாதிரிக் காய். பழுப்பாகிக் காய்ந்ததும் இரண்டாக முறுகிப் பிரிந்து விதையை எறியும். காய்கள் பெரியவை, கண்ணுக்குத் தெரிபவை என்பதால் பறிப்பது சுலபம். கொடி வேலியெல்லாம் மூடிவிட்டால் ஓகஸ்டில் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுங்கள். ஒக்டோபர் மழைக்கு மறுபடி ஏறும்.

டர்னேராவின் விதையில் எறும்புக்குப் பிடித்த ஒரு சிறு சதைத் துணுக்கு ஒட்டியிருக்கும். எறும்பு அதற்காக விதையைத் தூக்கிக்கொண்டு போகிறது, தின்றுவிட்டு விதையை எங்கோ போட்டுவிடுகிறது. ஆகவே மதில் உச்சியில் முளைத்து நிற்கும் டர்னேராவுக்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

நாயுண்ணியைப் பற்றி மட்டும் என் கருத்து கடுமையானது: வளவில் வைக்கவே வேண்டாம். 1826இல் அழகுச்செடியாக இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள். இன்று உடவளவையில் யானைகளின் புல்வெளியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அதன் கறுத்த பழத்தைக் குருவிகள் தின்று எங்கெல்லாமோ விதைக்கின்றன. கொழும்பு வீட்டில் நிற்கும் ஒரு செடி என்ன செய்துவிடும் என்று தோன்றும். குருவிக்கு மதில் கிடையாது. ஏற்கெனவே நிற்கிறது, எடுக்க மனமில்லை என்றால், காய் பச்சையாக இருக்கும்போதே பூங்கொத்தோடு சேர்த்து வெட்டிவிடுங்கள், வருடம் முழுக்க.

மஞ்சள் பூவோடு தரையில் படரும் வெடெலியாவை இந்தக் கணக்கில் சேர்த்துக் குழம்ப வேண்டாம். அது பரவுவது பெரும்பாலும் விதையால் அல்ல, தண்டால். வெட்டிய ஒரு துண்டு ஈரமண்ணில் கிடந்தால் கணுவிலிருந்து வேர் விடும். அங்கே எப்போது வெட்டுவது என்பதை விட, வெட்டியதை ஒரு துண்டும் விடாமல் பொறுக்குவதுதான் வேலை.

வெட்டும் கையும் வெட்டிய பிறகும்

கத்தரி கூராக இருக்க வேண்டும். கணுவுக்குச் சற்று மேலே, தண்ணீர் வழிந்தோடும்படி சரிவாக ஒரு வெட்டு. ஒரு செடியிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது, முக்கியமாக முதலாவது அழுகல் கண்ட செடியென்றால், கத்தரியை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துக்கொள்ளுங்கள். வெட்டிய அன்றே பசளை போட வேண்டாம். துளிர் கண்ணுக்குத் தெரிந்த பிறகு கொஞ்சம் மாட்டெருவோ கூட்டெருவோ போட்டால் போதும்.

புல் வெட்ட மெசினோடு ஆள் வரும் வீடுகளில் ஒரு எச்சரிக்கை. அந்த மெசின் சுழலும் வேகத்தில் பழுத்த நெற்றெல்லாம் உடைந்து விதை நாலாபக்கமும் தெறிக்கும். கையால் விதைத்தாலும் அவ்வளவு சீராக விதைக்க முடியாது. அவர் வரும் நாளுக்கு முன்பே நெற்றுகளைப் பறித்துவிடுங்கள், அல்லது "இந்தப் பக்கம் தொடாதீங்க அண்ணே" என்று இடத்தைக் காட்டிச் சொல்லிவிடுங்கள்.

தொடர்மாடியில் இருப்பவர்களும் இதில் சேர்த்திதான். நாலாம் மாடி பல்கனியில் வெடிக்கும் பட்டிப்பூ நெற்று மூன்றாம் மாடிப் பூச்சாடியில் முளைக்கும். அதில் யாருக்கும் நட்டமில்லை. பீலியிலும் தண்ணீர் போகும் துளையிலும் முளைத்தால்தான் வில்லங்கம். வேரும் சருகும் சேர்ந்து அடைத்துக்கொண்டால் தண்ணீர் தேங்கும். கொழும்பில் தேங்கிய தண்ணீர் என்றால் டெங்கு நுளம்பு. மழைக் காலங்களை ஒட்டித்தான் இங்கே டெங்கு ஏறுகிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்க்கும்போது முதலில் பார்ப்பதும் சாடியின் அடித்தட்டையும் பீலியையும்தான். அடர்ந்து நெருங்கிய செடிப் புதரும் பகலில் நுளம்பு ஒதுங்க வசதியான இடம். ஓகஸ்ட் வெட்டுக்கு இது இன்னொரு காரணம்.

எல்லாவற்றையும் மொட்டையடிக்கவும் வேண்டாம். கொழும்பு வளவுகளுக்கு வரும் தேன்சிட்டுக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் பூ வேண்டும். ஒரே நாளில் முழு வளவையும் வெட்டினால் சில வாரங்களுக்கு அவற்றுக்கு ஒன்றும் இராது. ஒரு பக்கத்தை மார்ச் தொடக்கத்திலும் மறுபக்கத்தை இரண்டு கிழமை கழித்தும் வெட்டினால் எப்போதும் ஏதோ ஒரு மூலையில் பூ இருக்கும். கொப்பை வெட்டுமுன் இலைக்கு அடியில் புழுவோ கூட்டுப்புழுவோ இருக்கிறதா என்று ஒருமுறை பார்ப்பதற்கும் நேரம் அதிகம் ஆகாது.

வெட்டியவற்றுள் நெற்று இல்லாத கொப்புகளையும் இலைகளையும் கூட்டெருக் குவியலில் போடலாம். நெற்றை மட்டும் அதில் சேர்க்க வேண்டாம். விதை சாக வேண்டுமென்றால் குவியலின் நடுவே சூடு 55, 60 பாகைக்கு ஏறிச் சில நாட்கள் அப்படியே நிற்க வேண்டும். வீட்டு மூலையில் வாளியிலோ சிறு தொட்டியிலோ செய்யும் கூட்டெரு அவ்வளவு சூடாவதில்லை. அந்த எருவை எந்தச் சாடியில் போட்டாலும் அங்கே பட்டிப்பூ முளைக்கும். நெற்றுகளைக் கறுத்தப் பொலித்தீன் பையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக் கட்டி, பெப்ரவரி வெயிலில் மொட்டைமாடிச் சீமெந்தில் சில கிழமை போட்டுவையுங்கள். வெந்து கூழாகும். அதன் பிறகு குவியலில் கொட்டலாம். வெயில் இல்லாத மாதமென்றால் கட்டிய பையோடு மாநகரசபை வண்டிக்குக் கொடுத்துவிடுவதே சுலபம்.

இவ்வளவு பார்த்தும் ஏப்ரலில் கொஞ்சம் முளைக்கத்தான் செய்யும். நாலு, ஆறு இலை வரும்வரை விட்டால் எது எதுவென்று தெரிந்துவிடும்: பட்டிப்பூவென்றால் இலை நடுவே வெளிறிய நரம்பு, துளசியென்றால் கசக்கினால் மணம். வேண்டியதை மழை நாளின் பின்னேரத்தில் மண்ணோடு தோண்டிச் சாடிக்கு மாற்றுங்கள். மீதியை, மண் ஈரமாக இருக்கும்போதே பிடுங்கிவிடுங்கள். காய்ந்த கபுக் மண்ணில் பிடுங்கினால் தண்டு அறுந்து வேர் உள்ளேயே நின்றுவிடும்.